வீட்டின் பின்பக்கத்தை நீட்டிக் கட்டும்போது வரும் பொதுச் சுவர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில், கோலாலம்பூரின் செந்தூலானாலும் சரி, பினாங்கில் ஜெலுத்தோங் ஆனாலும் சரி, பழைய வரிசை வீட்டின் பின்பக்கம் ஒரே மாதிரிதான் இருக்கும். சமையலறைக்கு வெளியே சின்ன முற்றம், துணி காயப்போடும் கம்பி, தோளளவு ஒரு வேலிச் சுவர், அந்தப் பக்கம் இன்னொரு சமையலறை. பிள்ளைகள் வளர்ந்து வீடு போதாமல் போனால் முதலில் கண்ணில் படுவது அந்த முற்றம்தான். பக்கத்து வீட்டிலும் அதே எண்ணம் வந்துவிட்டால் நடுவில் நிற்கும் சுவரைப் பற்றிப் பேச்சு தொடங்கும். இந்த மாதிரி வேலைகளுக்குப் பிளான் வரைந்து கொடுப்பது என் தொழில். வருகிறவர்கள் கேட்பதையெல்லாம் இங்கே போட்டிருக்கிறேன்.

பொதுச் சுவர் என்று எதைச் சொல்கிறீர்கள்? அது யாருக்குச் சொந்தம்?

இரண்டு வீட்டையும் பிரித்துக்கொண்டு, இரண்டு வீட்டுக்கும் உழைக்கிற சுவர். வரிசை வீட்டில் உங்கள் வரவேற்பறைக்கும் பக்கத்து வரவேற்பறைக்கும் நடுவே இருப்பது அதுதான். நில எல்லைக்கோடு பொதுவாக அந்தச் சுவரின் நடுவில் ஓடும். நான்கரை அங்குலச் சுவர் என்றால் பாதி உங்கள் மண்ணில், பாதி அவர் மண்ணில். டெவலப்பர் கட்டிக்கொடுத்த வேலிச் சுவரும் பெரும்பாலும் இப்படித்தான் நிற்கிறது. ஆகவே அதை இடிக்கவோ உயர்த்தவோ நீங்கள் ஒருவர் மட்டும் முடிவெடுக்க முடியாது.

இங்கிலாந்தில் பொதுச் சுவருக்கென்றே 1996இல் ஒரு சட்டம் போட்டார்கள். இணையத்தில் அதைப் படித்துவிட்டு, “நோட்டீஸ் கொடுத்துவிட்டால் கட்டலாமே” என்று வருகிறவர்கள் உண்டு. அது அங்கே. மலேசியாவில் அப்படித் தனிச் சட்டம் கிடையாது. நம்மிடம் இருப்பது 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம், அதன் கீழ் 1984இல் வந்த கட்டடத் துணைவிதிகள் (தொழிலில் இருப்பவர்கள் யு.பி.பி.எல். என்பார்கள்), அப்புறம் தேசிய நிலச் சட்டம். சுவர் எவ்வளவு தடிமன், யாரிடம் அனுமதி என்பதையெல்லாம் இவை சொல்லும். யார் எவ்வளவு காசு போடுவது, பிறகு யார் பழுதுபார்ப்பது என்பதை நீங்கள் இருவரும்தான் பேசி எழுதிக்கொள்ள வேண்டும்.

ஒரே சுவராகக் கட்டுவது நல்லதா, ஆளுக்கு ஒன்றாகவா?

என்னைக் கேட்டால் ஆளுக்கு ஒன்று. கேட்கிறவர்களில் பாதிப் பேருக்கு இந்தப் பதில் பிடிக்காது. 20 அடி அகல வீட்டில் இரண்டு பக்கமும் ஆறு அங்குலம் போனால் அலமாரி வைக்கிற இடம் போகிறது, செங்கல் செலவும் கூடுகிறது. நியாயமான கவலைதான்.

விதி இரண்டுக்கும் இடம் தருகிறது. யு.பி.பி.எல். 86ஆவது விதிப்படி பொதுச் சுவர் பொதுவாக 200 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. வெவ்வேறு காலத்தில் கட்டினால் 100 மில்லிமீட்டர் வீதம் இரண்டு தனிச் சுவராக ஒட்டி நிற்கலாம். கான்கிரீட் தூணும் பீமும் உள்ள வரிசை வீடுகளுக்கு 100 மில்லிமீட்டரே போதும் என்று சலுகையும் உண்டு. பக்கத்து வீட்டில் சீரியல் ஓடுவது உங்கள் ஹாலில் கேட்பதற்கு அந்தச் சலுகைதான் காரணம்.

இரண்டு குடும்பமும் ஒரே நேரத்தில், ஒரே பொறியியலாளர், ஒரே காண்ட்ராக்டர் வைத்துக் கட்டினால் ஒற்றைச் சுவர் சரிவரும். இவர் இந்த வருஷம், அவர் இரண்டு மூன்று வருஷம் கழித்து என்றால் வேண்டாம். அப்படியே ஒற்றைச் சுவர்தான் என்று முடிவெடுத்தாலும் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: சுவர் பொதுவாக இருக்கட்டும், தூணும் பீமும் பொதுவாக வேண்டாம். உங்கள் கூரையும் மாடியும் உங்கள் நிலத்தில் நிற்கும் உங்கள் தூணில்தான் உட்கார வேண்டும். நடுச்சுவர் அப்போது வெறும் மறைப்புச் சுவர்தான். நாளைக்கு யாராவது ஒருவர் இடித்துக் கட்ட நினைத்தாலும் மற்றவர் வீட்டுக் கூரை தொங்காது.

எல்லையோரத் தூணுக்கு அடியில் போடும் கான்கிரீட் அடித்தளமும் அவர் நிலத்துக்குள் நீளக் கூடாது. ஒரு பக்கமாக மட்டும் நீளும் அடித்தளம் சாயப் பார்க்கும். அதை உள்பக்கத் தூணோடு பீம் போட்டு இழுத்துக் கட்ட வேண்டும். இது கொத்தனார் கண்ணால் பார்த்துச் சொல்கிற கணக்கு இல்லை, பொறியியலாளர் போடுகிற கணக்கு.

இருக்கிற வேலிச் சுவர் மேலேயே கல் ஏற்றினால் என்ன?

வேண்டாம். அது வேலி. அடியில் ஆழமில்லாத கான்கிரீட் பட்டை, நடுவில் அங்கங்கே ஒரு குட்டித் தூண், அவ்வளவுதான். அதன் மேல் பத்தடிச் சுவரும் கூரையும் ஏற்றினால் முதலில் சுவர் வயிறு தள்ளும், பிறகு உட்காரும். “இது வரைக்கும் ஒன்றும் ஆகலையே” என்று காண்ட்ராக்டர் நாலைந்து வீட்டைக் காட்டுவார். அந்த வீடுகளில் கூரைக்கு அடியில் வெடிப்பைப் பூசி மறைத்திருக்கிறார்களா என்று நிமிர்ந்து பாருங்கள்.

எல்லைக்கோடு சரியாக எங்கே என்று எப்படித் தெரியும்?

உரிமம் பெற்ற நில அளவையாளரை அழைத்து எல்லைக் கல்லைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பழைய தாமான்களில் (குடியிருப்புப் பகுதிகளில்) கல் பெரும்பாலும் சிமெண்ட் தரைக்கு அடியிலோ கால்வாய்க்குப் பக்கத்திலோ புதைந்திருக்கும், இல்லையென்றால் யாரோ பிடுங்கிப் போட்டிருப்பார்கள். கல்லை மறுபடி நடும் அதிகாரம் அளவையாளருக்குத்தான் உண்டு. காண்ட்ராக்டர் டேப் பிடித்து அளந்து சொல்வதை எல்லை என்று நம்பிவிடக் கூடாது. வேலிச் சுவரே கோட்டிலிருந்து இரண்டு அங்குலம் விலகி நிற்பது சாதாரணமாக நடப்பது.

யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

உங்கள் ஊரின் உள்ளாட்சி மன்றத்திடம். கோலாலம்பூர் என்றால் டி.பி.கே.எல்., பினாங்குத் தீவு என்றால் எம்.பி.பி.பி., பட்டர்வொர்த், பிறை பக்கம் என்றால் எம்.பி.எஸ்.பி. 1974 சட்டத்தின் 70ஆவது பிரிவுப்படி எழுத்துப்பூர்வ அனுமதியில்லாமல் கட்டடம் எழுப்பக் கூடாது. நீட்டிப்பும் அதில் அடக்கம். டைல்ஸ் மாற்றுவது, கேபினெட் போடுவது போன்ற வேலைக்குச் சிறு பெர்மிட் போதும். தூண், பீம், கூரை வந்துவிட்டால் மன்றத்துக்குப் பிளான் போக வேண்டும்.

ஒட்டிக் கட்டும் வேலைக்குப் பக்கத்து வீட்டுக்காரரின் சம்மதக் கடிதமும் ஐ.சி. (அடையாள அட்டை) நகலும் கேட்பது வழக்கம். எந்தப் பாரம், எத்தனை நகல், பின்பக்கம் எத்தனை அடி விட வேண்டும் என்பது மன்றத்துக்கு மன்றம் மாறும். மன்ற அலுவலக முகப்பில் போய் அப்போதைய பட்டியலை வாங்கிக்கொள்ளுங்கள். காண்ட்ராக்டர் சி.ஐ.டி.பி.யில் (கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில்) பதிந்தவரா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

புது வீடு வாங்கியவர்களுக்கு ஒன்று. டெவலப்பர் 24 மாதம் வரை குறைகளைச் சரிசெய்து தர வேண்டும். அதற்குள் நீங்கள் சுவரை உடைத்தால், “இந்த வெடிப்பு உங்கள் ரெனவேஷனால் வந்தது” என்று கைகழுவ அவருக்கு வழி கிடைத்துவிடும். முடிந்தால் அந்தக் காலம் கழியட்டும்.

பக்கத்து வீட்டுக்காரர் கையெழுத்துப் போட மறுக்கிறார். என்ன செய்வது?

பொதுச் சுவர் இல்லை என்று அர்த்தம், வீடே கட்ட முடியாது என்று அர்த்தமில்லை. முழுக்க உங்கள் நிலத்துக்குள் உங்கள் சுவரைக் கட்டும்படி பிளானை மாற்றி மன்றத்திடம் கேளுங்கள். வேலிச் சுவரைத் தொடாதீர்கள். சாரம் கட்ட அவர் முற்றத்தில் கால் வைக்க முடியாது என்பதால் கொத்தனார் உள்ளே நின்றபடியே வெளிப்பக்கக் கலவையைச் சீவ வேண்டியிருக்கும். நேரம் கூடும், கூலியும் கூடும்.

அதற்கு முன்னால் ஏன் மறுக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். நான் பார்த்தவரை சுவரை எதிர்க்கிறவர்கள் குறைவு. தூசி, சத்தம், வேலையாள் நடமாட்டம், முன்னொரு தடவை யாரோ ரெனவேஷன் செய்து அவர் கூரையை உடைத்துவிட்டுப் போனது, இதுதான் உள்ளே கிடக்கும். “ஆன்ட்டி, வேலை முடிந்ததும் உங்கள் பக்கமும் பூசிச் சாயம் அடித்துத் தருகிறேன்” என்று ஒரு வார்த்தை சொன்னதில் கையெழுத்து வந்த வீடுகள் நிறைய.

அவர் முன்பே சுவர் கட்டிவிட்டார். இப்போது நான் அதையே பயன்படுத்தினால் காசு கொடுக்க வேண்டுமா?

சுவர் எல்லைக்கோட்டின் நடுவில் நின்றால் பாதிச் செலவைக் கொடுப்பதுதான் ஊர் வழக்கம், அதுதான் நியாயமும். அவருக்கு அன்றைக்குச் சுவருக்கு 12,000 வெள்ளி (ரிங்கிட்) ஆனது என்று வைத்துக்கொண்டால் 6,000 பேசலாம். பழைய சுவர் என்பதால் கொஞ்சம் குறைத்துக் கேட்பதில் தப்பில்லை. சுவர் முழுக்க அவர் நிலத்தில் நின்றால் கதை வேறு. அது அவர் சுவர். அதில் ஒரு ஆணி அடிக்கவும் அவர் சொல்ல வேண்டும்.

காசு கொடுப்பதற்கு முன்னால் அந்தச் சுவரில் தூண் எங்கே, அடித்தளம் எப்படி என்று கேளுங்கள். பழைய பிளான் இருந்தால் வாங்கிப் பாருங்கள். பிளானே இல்லாமல் கட்டிய சுவர் என்றால் பாதிக் காசு கொடுத்து அந்தத் தலைவலியில் பங்கு வாங்காதீர்கள்.

இத்தனை வருஷம் பழகிய மனிதர். எதற்குக் கடிதமெல்லாம்?

பினாங்கில் ஒரு பெரியவர் இதையேதான் கேட்டார்: “தம்பி, நம்ம வீட்டுப் பொங்கல் அவங்க வீட்டுக்குப் போகாத வருஷம் கிடையாது. அவர்கிட்ட போயி கடுதாசி நீட்டுறதா?” அவர் நல்லவர்தான் ஐயா. ஆனால் அவர் மகன் சிங்கப்பூரில் இருக்கிறார், நாளைக்கு அந்த வீடு விலை போகும், வாங்குகிறவருக்கு உங்கள் பொங்கலைப் பற்றி ஒன்றும் தெரியாது.

ஒரே பக்கம் போதும். இரண்டு வீட்டு முகவரியும் நில எண்ணும், சுவர் எங்கிருந்து எங்கே வரை, தடிமன், உயரம், எல்லைக்கோட்டின் நடுவிலா ஒரு பக்கத்திலா, யார் எவ்வளவு கொடுத்தார்கள், கூரைத் தண்ணீர் எந்தப் பக்கம் போகும், வெடித்தாலோ ஒழுகினாலோ யார் செலவு, மற்றவர் பிறகு கட்ட வந்தால் என்ன பயன்படுத்தலாம். இருவரும் சாட்சியும் கையெழுத்திட்டு, முத்திரை வரி கட்டி ஆளுக்கொரு பிரதி வையுங்கள். பிளானின் ஒரு நகலையும் பின்னால் சேர்த்துத் தைத்துவிடுங்கள்.

இப்படிப்பட்ட கடிதம் கையெழுத்திட்ட இருவரைத்தான் கட்டும். வீட்டை வாங்கும் அடுத்த ஆளையும் கட்ட வேண்டுமென்றால் தேசிய நிலச் சட்டத்தின் கீழ், பக்கத்து நிலத்தின் மேல் உள்ள பயன்பாட்டு உரிமையைப் பட்டாவில் பதியலாம். ஒருவர் மற்றவருக்குக் கொடுப்பதற்கு 17ஏ பாரம், இருவரும் மாற்றிக் கொடுத்துக்கொள்வதற்கு 17பி. சமையலறைச் சுவருக்காக யாரும் அவ்வளவு தூரம் போவதில்லை. மூன்று மாடி வணிகக் கட்டடம் என்றால் வக்கீலிடம் கட்டாயம் கேளுங்கள்.

பழைய வீடும் புதுப் பகுதியும் சேரும் இடத்தில் வெடிப்பு வருகிறதே, ஏன்?

மலேசியாவில் நீட்டிக் கட்டிய பல வீடுகளில் அந்த இடத்தில் ஒரு கோடு இருக்கும் என்று சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள். காரணம் எளிது. டெவலப்பர் கட்டிய வீடு பெரும்பாலும் பைலிங் (மண்ணுக்குள் ஆழமாக இறக்கிய தூண்கள்) மேல் நிற்கிறது. பின்னால் நீங்கள் கட்டியது மூன்று நாலடி ஆழத்தில் சும்மா மண்ணில் உட்கார்ந்திருக்கிறது. பழையது அசையாது, புதியது மெல்ல இறங்கும். கிள்ளான் பள்ளத்தாக்கில் பல தாமான்கள் பழைய ஈயச் சுரங்க நிலத்தைத் தூர்த்துக் கட்டியவை. பினாங்கிலும் எதிர்க்கரையிலும் கடலோரம் போகப் போகச் சேறு போன்ற களிமண். இந்த மண்ணில் இறக்கம் ஒரு வருஷத்தில் நிற்காது.

இரண்டு வழி உண்டு. ஒன்று, புதுப் பகுதிக்கும் பைலிங் போடுவது. சின்ன வேலைக்குப் பக்காவ் (அலையாத்தி மர) கம்பு அடிப்பார்கள். அது எப்போதும் நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால் நீடிக்கும், நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்து இருந்தால் உளுத்துவிடும். இயந்திரம் நுழையாத பின்முற்றத்தில் மைக்ரோபைல் (துளை போட்டு இறக்கும் மெல்லிய பைல்) போடலாம், விலை கூட. இரண்டாவது வழி, இரண்டையும் சேர்க்காமலே விடுவது: தரையிலிருந்து கூரை வரை ஒரு விரல் இடைவெளி விட்டு, அதில் நெகிழும் சீலன்ட் அடைத்து, மேலே தகடு போட்டு மூடுவது. புதியது இறங்கினால் அதன் பாட்டுக்கு இறங்கும். பழைய தூணில் துளை போட்டுக் கம்பி செருகி இழுத்துக் கட்டிவிட்டேன் என்று காண்ட்ராக்டர் பெருமையாகச் சொன்னால் கவலைப்படுங்கள்.

பொதுச் சுவரில் இது இரட்டைத் தொல்லை. உங்கள் பகுதி இறங்கினால் சுவரையும் இழுக்கும், சுவர் அவருடைய டைல்ஸைப் பிளக்கும். தூணும் பீமும் தனியாக வேண்டும் என்று மேலே சொன்னது இதற்காகவும்தான். குழி வெட்டும்போது அவர் பக்கத்து மண்ணைச் சரியவிடக் கூடாது. ஒரு நிலத்தின் இயற்கை மண்ணுக்குப் பக்கத்து நிலம் கொடுக்கும் தாங்கலை அந்த நிலத்துக்காரரின் உரிமையாகவே நிலச் சட்டத்தின் 44ஆவது பிரிவு சொல்கிறது.

வெடிப்பு வளர்கிறதா என்று பார்க்க அதன் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். கோட்டைத் தாண்டிப் போகிறதென்றால், அல்லது சாய்வாக ஓடி ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் அகன்று கதவும் இறுகிப்போகிறதென்றால், பூச்சு வேலையை நிறுத்திவிட்டுப் பொறியியலாளரைக் கூப்பிடுங்கள்.

இரண்டு சுவருக்கும் நடுவில் இடைவெளி விழுந்தால்?

இதைத்தான் யாரும் பிளானில் காட்டுவதில்லை. ஒரு வீட்டில் பழைய சுவரைத் திறந்து பார்த்தோம். இரண்டு சுவருக்கும் நடுவில் இரண்டு அங்குலம். இரண்டு பக்கமும் பூசாத செங்கல், பிதுங்கிக் காய்ந்த கலவைக் கட்டி, அதன் மேல் மக்கிய மாவிலை, எலிக்கூடு, அடியில் ஈரச்சேறு. வீட்டுக்காரர் உள்ளே மூன்று தடவை சாயம் அடித்திருக்கிறார். மூன்று தடவையும் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குச் சாயம் உப்பி, வெள்ளை உப்புப் பூத்து உதிர்ந்திருக்கிறது. குழாய் கசிவு என்று நினைத்துத் தரையைக்கூட உடைத்துப் பார்த்தாராம். தண்ணீர் வந்த வழி மேலே இருந்தது.

ஆகவே முதலில் கட்டுகிறவர், பக்கத்தில் சுவர் எழும்புவதற்கு முன்பே தன் வெளிப்பக்கத்தைப் பூசி, தண்ணீர் இறங்காத சாயம் அடித்துவிட வேண்டும். அதற்குப் பக்கத்து வீட்டு முற்றத்தில் ஓரிரு நாள் நிற்க அனுமதி கேட்க வேண்டும். இதைச் செய்யாமல் போனால் பக்கத்து வீட்டுப் பெண்மணி தினமும் பாத்திரம் கழுவும்போது உங்கள் பூசாத செங்கல்லைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார், அதில் வரும் கசப்பும் வேறு. இரண்டாவது ஆள் கட்டும்போது இடைவெளிக்குள் கலவை விழாமல் பார்த்து, இரண்டு சுவரின் தலையையும் சேர்த்து உலோகத் தகட்டால் மூட வேண்டும். தகட்டின் ஓரம் உயரமான சுவரில் பள்ளம் வெட்டிச் செருகப்பட வேண்டும். வெறுமனே சிலிக்கோன் ஒட்டிய தகடு வெயிலில் இரண்டு வருஷம் தாங்காது.

கூரைத் தண்ணீர் உங்கள் நிலத்தில்தான் விழ வேண்டும். கோலாலம்பூரின் சாயங்கால மழை அரை மணி நேரத்தில் கொட்டித் தீர்ப்பது. கூரை ஓரத்தில் தண்ணீரை வாங்கும் நாலங்குலப் பீலி அதற்கு நிரம்பி, சுவர் தலையில் வழிந்து, நேராக அந்த இடைவெளிக்குள் போகும். பீலியை அகலமாகப் போட்டு, நிரம்பினால் வெளியே சிந்தும்படி ஒரு வாய் விடுங்கள். பொதுச் சுவர் கூரைக்கு மேல் 230 மில்லிமீட்டர் உயர வேண்டும் என்பது நெருப்பு தாண்டாமல் இருக்க வந்த விதி. ஒன்றிரண்டு மாடி வரிசை வீடுகளில் எரியாத கூரை போட்டு, சுவரும் கூரையும் சேரும் இடத்தை நெருப்புப் புகாமல் அடைத்தால் அதற்கு விலக்கு உண்டு. அந்த அடைப்பைச் செய்தார்களா என்று ஏணி வைத்துப் பாருங்கள்.

அந்தச் சுவரில் ஜன்னல் வைக்கலாமா?

கூடாது. கண்ணாடிக் கல்லும் வேண்டாம். வெளிச்சத்தை வேறு பக்கம் தேடுங்கள். அறையின் தரைப்பரப்பில் 10 விழுக்காடாவது ஜன்னலும், 5 விழுக்காடாவது காற்றுப் போகும் திறப்பும் வேண்டும் என்கிறது யு.பி.பி.எல். பின்பக்கம் முழுவதையும் மூடிக் கட்டி, பகலில் விளக்குப் போட்டுச் சமைக்கிற வீடுகளைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. நாலடி அகலத்துக்கு வானம் தெரிய விட்டால் என்ன குறைந்துவிடும்?

குழாய், வயரிங் அதில் ஓடலாமா?

தண்ணீர்க் குழாய் வேண்டாம், கசிந்தால் அவர் வீட்டில்தான் தெரியும். நான்கரை அங்குலச் சுவரில் இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் பிளக் பெட்டி வெட்டினால் நடுவில் சுவரே மிஞ்சாது. கழிவுநீர் மென்ஹோல் பின்முற்றத்தில் இருந்தால் அதன் மேல் கட்டாதீர்கள். முதலில் கழிவுநீர் நிறுவனமான இண்டா வாட்டரிடம் பேசுங்கள்.

அவர் சுவர் என் நிலத்துக்குள் நாலங்குலம் வந்து பதினைந்து வருஷம் ஆகிறது. இனி அது அவருடையதா?

இல்லை. எத்தனை காலம் ஒருவர் அனுபவித்தாலும் உரிமையாளர் நிலத்தை மீட்க வழக்குப் போடுவதை அது தடுக்காது என்று நிலச் சட்டத்தின் 341ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் நாலங்குலத்துக்காக வீட்டை இடிக்கும் வழக்குக்குப் போவதா, அளவையாளர் அறிக்கையை வைத்து நஷ்டஈடோ எழுத்தில் ஒரு ஒப்புதலோ வாங்குவதா என்று யோசியுங்கள். இரண்டாவதுதான் தூக்கம் கெடாத வழி.

ஜார்ஜ் டவுன் பழைய கடைவீட்டுக்கும் இதே பதில்தானா?

அங்கே முழுக்க வேறு. அந்தச் சுவர்கள் தடித்த செங்கல், சுண்ணாம்புக் கலவையில் கட்டியவை. இரண்டு வீட்டு மர உத்தரமும் ஒரே சுவரில் குடைந்து உட்கார்ந்திருக்கும். ஒரு பக்கம் பிடுங்கினால் மறுபக்கம் ஆடும். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை மூச்சுவிடுவதுபோல வெளியே தள்ளும். அதன் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே சிக்கி, செங்கல் மாவாக உதிரும். 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பகுதி என்பதால் எம்.பி.பி.பி.யின் மரபுடைமைப் பிரிவைக் கேட்காமல் உளியை எடுக்காதீர்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த கைகள் பினாங்கில் இன்னும் இருக்கின்றன, தேடிப் பிடியுங்கள்.

சுவர் வேலையில் சேதம் வந்தால் எங்கே போவது?

வேலை தொடங்கும் முன்பே இரண்டு வீட்டையும் படம் எடுத்து, பக்கத்து வீட்டுக்காரருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். அந்தப் படம் இருந்தால் பாதித் தகராறு வராது. வந்தால், 5,000 வெள்ளி வரை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கையாகப் போடலாம். உங்கள் காண்ட்ராக்டர் வேலையைக் கெடுத்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் 50,000 வெள்ளி வரையான கோரிக்கையை விசாரிக்கும், மூன்று வருஷத்துக்குள் போக வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் மேல் அங்கே வழக்குப் போட முடியாது.

எப்போது தொடங்கலாம்?

ஆடியில் தொடங்க நம்மவர்கள் தயங்குவார்கள், சீன அண்டை வீட்டார் பேய் மாதம் என்று கருதும் சீன ஏழாம் மாதத்தில் சுவரை இடிக்க விரும்ப மாட்டார்கள். நோன்பு மாதத்தில் பக்கத்து வீட்டுப் பாக்சிக் (மலாய்ப் பெரியவர்) நோன்பு திறக்கும் நேரத்தில் டிரில் ஓடக் கூடாது. நோன்புப் பெருநாளுக்கு வேலையாட்கள் ஊருக்குப் போனால் சொன்ன தேதிக்குத் திரும்ப மாட்டார்கள். அதனால் கூரையைப் பிரித்துப் போட்டுவிட்டு அந்த விடுமுறைக்குள் நுழையாதபடி தேதியைப் போடுங்கள். சுவர் எழும்பி, தகடு மூடி, பீலியில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்த பிறகு கடைசித் தவணைக் காசைக் கொடுங்கள்.